மூன்று சீட்டு மண்டையோடு

அந்த அருங்காட்சியகத்தின் கிடங்கில் அவளுக்குப் பெயர் சீட்டக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மண்டையோடு, தோல், கொம்பு என்று எது வந்தாலும் அதன் இனம், கிடைத்த இடம், தேதி, எண் எல்லாவற்றையும் அட்டைச் சீட்டில் எழுதிப் பருத்தி நூலால் கட்டுவது முப்பத்தொரு வருஷமாக அவள் வேலை. ஒரு புள்ளி பிசகாத கை என்று பேர் வாங்கியவள். ஓய்வு பெற இன்னும் ஆறு வாரம்தான்.

கிடங்குக்கு ஒரு சட்டம் உண்டு. பழைய சீட்டை அறுக்கக் கூடாது. அதில் இருப்பது தப்பே ஆனாலும் புதுச் சீட்டை அதன் பக்கத்தில்தான் கட்ட வேண்டும். யாராவது மறந்தால் சீட்டக்கா வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போவாள்.

அன்று மான் ஆய்வாளர் ஒருத்தி வந்தாள், செருப்பில் சேறுகூடக் காயாமல். கையில் ஒரு புகைப்படம். மரத்தில் கட்டி வைத்த கேமரா எடுத்தது. புதருக்குள் ஒரு மான் பாதி தெரிந்தது.

"அக்கா, இது குட்டைக்கொம்பன். ஆத்துக்கு வடகரையில எடுத்தது."

சீட்டக்கா சிரித்தாள். "வடகரையில அது ஏது? தென்கரையைத் தாண்டாதுன்னு எல்லாப் புத்தகத்துலயும் இருக்கே."

"வனத்துறைக் கமிட்டியும் அதான் சொல்லுது. செம்மான் குட்டியா இருக்கும், இல்ல யாராவது கொண்டாந்து விட்டிருப்பாங்கன்னு. செம்மானோட குள்ள வகைன்னு சொல்லிட்டிருந்ததை இப்பதான் தனி இனமா பிரிச்சாங்க. பிரிச்ச கையோட எண்ணிப் பாத்தா தென்கரையில இருநூறுகூட இல்ல. அழிவின் விளிம்புன்னு பட்டியல்ல ஏத்தியாச்சு. வடகரைக் காட்டைக் கல்குவாரிக்குக் கொடுக்கப் போறாங்க. அந்தக் காலத்துலயே அது அங்க இருந்துச்சுன்னு காட்ட ஒரு பழைய எலும்பு கிடைச்சாப் போதும், நிறுத்திடலாம்."

சீட்டக்காவின் கண் பின்வரிசை அலமாரிக்குப் போனது. தேடிப் பார்க்கிறேன், நாளைக்கு வா என்று சொல்லி அனுப்பினாள்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சின்ன மண்டையோடு வந்தது, விரல் நீளக் கொம்போடு. கட்டியிருந்த சீட்டில் 'குட்டைக்கொம்பன், வடகரை' என்று இருந்தது. வடகரையில் அது கிடையாது என்று அவள் முந்தின வாரம்தான் படித்திருந்தாள். எழுதியவர் ஏதோ தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டார் என்று தானே தீர்ப்புச் சொல்லி, 'செம்மான், இளம் ஆண்' என்று புதிதாக எழுதிக் கட்டினாள். அரைகுறைப் படிப்பின் தைரியம், வேறென்ன? அதோடு விட்டாளா, பழைய சீட்டைக் கத்தரியால் அறுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். சட்டம் தெரிய வந்தது மறு மாதம். எறியவும் மனசு வரவில்லை, சொல்லவும் வாய் வரவில்லை. அந்தச் சீட்டு இத்தனை வருஷமும் வீட்டுத் தையல் டப்பாவில் பொத்தான்களுக்கு அடியில் கிடந்தது.

சாயங்காலம் அந்த டப்பாவைக் கவிழ்த்தபோது, பஸ் ஓட்டிவிட்டு வந்த கணவன் என்னவென்று கேட்டான். சொன்னாள்.

"இதை வெளிய சொன்னா?"

"என் பேரு போகும்."

"சொல்லலைன்னா?"

"காடு போகும். அந்த மானும் போகும்."

"அப்ப இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று சாப்பிடப் போய்விட்டான். நல்ல மனுஷன், ஆறுதல் சொல்ல மட்டும் தெரியாது.

மறுநாள் மண்டையோட்டையும் சீட்டையும் மேஜையில் வைத்து, "இதை அறுத்தது நான்தான்" என்றாள்.

ஆய்வாளர் எலும்பில் மசியால் எழுதியிருந்த எண்ணைச் சீட்டின் எண்ணோடு ஒப்பிட்டாள். ஒரே எண். பிறகு மண்டையோட்டைத் திருப்பிப் பல்லின் மேல் லென்ஸை வைத்தாள்.

"பாருங்கக்கா, எவ்வளவு தேஞ்சிருக்கு. இளசுக்கு இப்படித் தேயாது. இது கிழட்டு ஆண். முழுசா வளந்தும் கொம்பு இவ்வளவுதான். குட்டைக்கொம்பனேதான்."

சீட்டக்கா லென்ஸில் பார்த்தாள். வடகரைப் புல்லைத் தின்றே வழுவழுவென்று ஆன பற்கள். வருஷா வருஷம் இதைத் தூசி தட்டி வைத்தவள் அவள்தான். அதன் வயசு பல்லிலேயே இருந்தும் இவள் பார்த்ததில்லை. அங்கே ஆற்றுக்கு அப்பால் அதன் வம்சம் குட்டி போட்டு, தண்ணீர் குடித்து, ஒருத்தர் கண்ணிலும் படாமல் வாழ்ந்து வந்திருக்கிறது. இவள் செம்மான் என்று எழுதினால் அதற்கென்ன? அது பாட்டுக்கு அதுவாகவே இருந்திருக்கிறது. சீட்டக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது. கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"உங்க சீட்டை எடுத்துடறேன்க்கா. ஆறு வாரம்தானே இருக்கு. யாருக்கும் தெரிய வேண்டாம்."

"தொடாத. சட்டம் எனக்கும்தான்."

மூன்றாவது சீட்டை அவளே எழுதினாள். குட்டைக்கொம்பன், முதிர்ந்த ஆண், வடகரை. அதன் கீழே, முதல் சீட்டை அறுத்ததும் இரண்டாவதைத் தவறாக எழுதியதும் தானே என்று ஒரு வரி. கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்த அந்தப் பெயரை முழுசாக எழுதி, மூன்றையும் ஒரே நூலில் கட்டி, மண்டையோட்டை ஆய்வாளரின் கையில் கொடுத்தாள்.

அவள் ஓய்வு பெறுவதற்கு இரண்டு நாள் முன்னால், குட்டைக்கொம்பன் வாழும் இடங்களைக் காட்டும் புது வரைபடம் வந்தது. ஆற்றுக்கு வடக்கேயும் வண்ணம் ஏறியிருந்தது.