துளசியின் கதிரை பங்கருக்குள் போன விதம்

மீனு, கஜன்,

நேற்றுச் சாப்பிடும்போது மீனு ஒரு கதை சொன்னாள். அவளுடைய வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பையன் யாரோடும் கதைப்பதில்லையாம். ஒரே மூலையில்தான் இருப்பானாம். ரீச்சர் அவனுக்கு மட்டும் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறாராம். "அது நீதியோ அப்பா?" என்று கேட்டாள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆறுதலாக இருந்து எழுதினால்தான் எனக்குப் பதில் ஒழுங்காக வரும். சண்டைக் காலத்தில், துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பியோனாக இருந்தபோது கண்டதை எழுதுகிறேன்.

1. முதல் ஒத்திகை

மணி அடிப்பது, தண்ணீர் நிரப்புவது, கதிரை மேசை திருத்துவது எல்லாம் என் வேலை. சண்டை கிட்ட வந்ததும் பங்கர் வெட்டுவதும் என் வேலையானது. நிலத்தில் ஆளுயரத்துக்குக் குழி, மேலே தென்னங்குற்றி, அதற்கு மேல் மண் மூட்டை. வெடிக்கும் செல் குண்டின் துண்டுகள் நேராக உள்ளே வராமலிருக்க, வாசல் தாண்டியதும் வழி வளைந்து திரும்ப ஒரு முடக்கு வைத்து வெட்டுவோம். வகுப்புக்கு ஒரு பங்கர்.

பங்கருக்குள் போய்ப் பழகும் முதல் ஒத்திகைக்கு மணி அடித்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விழுந்தடித்து ஓடினார்கள். முடக்கில் நெரிபட்டு விழுந்த சுதனுக்கு நெற்றி உடைந்தது. துளசி என்ற பிள்ளை மட்டும் பாதி வழியில் திரும்பி எதிர்ப்பக்கம் ஓடினாள். மறித்துப் பிடித்தேன். கையைக் கடித்துவிட்டாள்.

துளசி கணக்கில் கெட்டிக்காரி. கதைப்பது குறைவு. அடிக்கடி காதைப் பொத்திக்கொண்டு முனகுவாள். யன்னலோரம் இருக்கும் ஒரு கதிரையைத் தவிர வேறொன்றில் இருக்க மாட்டாள். இதை ஓட்டிசம் என்று இன்று எல்லாரும் சொல்கிறார்கள். அன்று மற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர்களை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அதிபர் அவளுடைய வகுப்பாசிரியை சாந்தினி ரீச்சரைக் கூப்பிட்டார்.

"ரீச்சர், உண்மையாச் செல் விழுந்தா இந்தப் பிள்ளைக்குப் பின்னால ஆர் ஓடுறது? சண்டை முடியுமட்டும் வீட்டில வச்சிருக்கச் சொல்லித் தாய்க்குச் சொல்லுங்கோ."

"இப்ப வீட்டில வச்சா, பிறகு வரவே மாட்டா சேர். இந்தத் தவணை முடியுமட்டும் விடுங்கோ."

"இந்தத் தவணை மட்டும்தான். பிறகு வந்து என்னட்டைக் கேக்கக்கூடாது."

2. முடக்கு

சாந்தினி ரீச்சர் அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் வருவார். அடுத்த நாள் சைக்கிளைச் சாத்திவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"அண்ணை, பிள்ளை வீட்டுக்கு ஓடயில்லை. வகுப்புக்குத்தான் திரும்பி ஓடினவ. கதிரையை விட்டிட்டு வந்திட்டாவெல்லோ. அது பங்கருக்குள்ள போகுமோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "முடக்கில திரும்பாது ரீச்சர். வேணுமெண்டா காலை அரிஞ்சு கட்டையாக்கித் தாறன்."

"அரிஞ்சா அது அவட கதிரை இல்லையே அண்ணை. கதிரையை விடுங்கோ. முடக்கை மாத்த ஏலாதோ?"

மாற்றலாம். ஆனால் மேலே நீளமான குற்றிகள் வேண்டும். தேடி எடுத்து, முடக்கின் வெளிமூலையை வளைத்து வெட்டினேன். பின்னேரங்களில் ரீச்சரும் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண் அள்ளினார்.

அதற்குப் பிறகு, இடைவேளை முடிந்ததும் வரும் கதை வாசிக்கும் பாடம் நாள்தோறும் பங்கருக்குள் நடந்தது. துளசி கதிரையோடு முன்னால். மற்றவர்கள் பின்னால் வரிசையாக. முதல் நாள் அவள் வாசல்வரை வந்து திரும்பிப் போய்விட்டாள். ரீச்சர் இழுக்கவில்லை. "நாளைக்குப் பாப்பம்" என்றார். அந்த நாளைக்குகள் ஒன்றின் பின் ஒன்றாகக் கனக்கப் போயின. கடைசியில் ஒருநாள் முடக்கைத் தாண்டி உள்ளே போய்க் கதிரையை வைத்து இருந்துவிட்டாள்.

பிள்ளைகளுக்கு இது பெரிய பகிடி. "மகாராணி வாறா, வழி விடுங்கோ!" என்று சுதன் கத்துவான். "ரீச்சர், நாளைக்கு நான் என்ர கட்டிலைக் கொண்டு வரட்டோ?"

"கொண்டு வா. முடக்கில திரும்பினா நீ படுத்திருந்தே கதை கேக்கலாம்."

3. கணக்குப் பாடத்தில்

தவணை முடியப்போகும் நேரம். ஒரு நாள் காலை துறைமுகப் பக்கம் பெரிய வெடி. ஓடுகள் அதிர்ந்தன. நான் மணியை அடித்துவிட்டு மூன்றாம் வகுப்புக்கு ஓடினேன்.

துளசி கதிரையில் இருந்தபடியே காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். "இப்ப கதை நேரமில்லை! கதை நேரமில்லை!"

ரீச்சர் கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் நிற்கும் அதே கதவடியில் நின்றார். "ஓம் துளசி, கதை நேரமில்லை. வெடி வெடிக்குது. அதால போறம்."

மற்றப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். முதலிடம் வெறுமையாக இருந்தது. நான் கத்தினேன். "என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறியள்? ஓடுங்கோ!"

சுதன் நகரவில்லை. "அவதான் முன்னுக்குப் போறவ அண்ணை. நாங்கள் போனா அவ வரமாட்டா."

இரண்டாவது வெடி. துளசி வரிசையைப் பார்த்தாள். முன்னால் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். காதிலிருந்து கையை எடுத்துக் கதிரையைத் தூக்கினாள். நடந்தாள். வரிசை பின்னால் போனது. முடக்கில் கதிரை எங்கேயும் தட்டாமல் திரும்பியது.

உள்ளே அவள் முனகத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்த சுதனும் முனகினான். கொஞ்சத்தில் முழு வகுப்பும் முனகியது. கடைசியாக உள்ளே வந்த அதிபர் மண்ணில் குந்தினார்.

"ஒரு பிள்ளைக்காக எல்லாரும் நிண்டிட்டியளே ரீச்சர்!"

"நிண்டு வந்தபடியா ஒருத்தரும் விழயில்லை சேர். அண்டைக்கு ஓடி வந்துதான் இவன்ர நெத்தி உடைஞ்சது."

அதிபர் சுதனின் தழும்பைப் பார்த்தார். சத்தம் ஓய்ந்து வெளியே ஏறும்போதுதான் கேட்டார்:

"அடுத்த தவணையும் கதை இங்கதானோ?"

"ஓம் சேர்."

"அப்ப ஒரு லாம்பு வாங்கித் தாறன். இருட்டுக்குள்ள வாசிச்சு இந்தப் பிள்ளையளின்ர கண் பழுதாப் போகும்."

மீனு, அன்று துளசி நடந்து வரக்கூடிய ஒரு வழியை ரீச்சர் உண்டாக்கினார். அந்த வழியால் வகுப்பு முழுவதும் காயமில்லாமல் போனது. உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். உங்கள் ரீச்சரும் அப்படி ஏதோ ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்தப் பையன் எதை விட்டு வர முடியாமல் மூலையில் இருக்கிறான் என்று நீயும் பார்.

அன்று எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு வகுப்பைப் பூட்டப் போனேன். தூக்கித் தூக்கி அந்தக் கதிரையின் ஒரு கால் ஆடத் தொடங்கியிருந்தது. சுத்தியலும் ஆணியும் எடுத்தேன். புது ஆணி மினுங்கியது; அவள் கண்ணில் படும். அதைத் திரும்பப் பெட்டியில் போட்டேன். உடைந்த மேசை ஒன்றிலிருந்து கறள் பிடித்து மங்கிப்போன ஆணியைக் கழற்றி, நிமிர்த்தி, அதை அடித்தேன். பிறகு கதிரையை யன்னலோரம் கொண்டுபோய், அவள் விட்டுப் போகும் அதே சரிவில் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன்.