ஆட்டக்காரனுக்கு விலை சொன்ன அஞ்சலீனா

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்களுக்குக் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மத்தியானம் தாண்டும்வரை வேலை இல்லை. சிலர் வீட்டுக்குப் போவார்கள், சிலர் ஸ்டியரிங்கில் தலைவைத்துத் தூங்குவார்கள். அஞ்சலீனா புவாண்ட்-கிளேர் கடைத்தொகுதிக்குப் பின்னால் மஞ்சள் பஸ்ஸை நிறுத்திவிட்டு, பிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணியோடு வானொலி கேட்பாள்.

பிரெஞ்சு பேசும் அந்த நகரத்தில் மொழி பழகவென்று தொடங்கியது அது. செய்தி வானொலியில் எல்லோரும் கவலைப்பட்டார்கள். விளையாட்டு வானொலியில் எல்லோரும் சண்டை பிடித்தார்கள். சண்டை பிடிக்கிறவர்களின் மொழி கெதியாக விளங்குவதைக் கண்டுகொண்டு அவள் அங்கேயே நின்றுவிட்டாள். இரண்டு குளிர்காலத்துக்குள், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அந்த வட அமெரிக்கப் புட்பால் அவளுக்கு அத்துப்படி. கணவன் மரியதாசன் அதைப் புட்பால் என்றே ஒப்புக்கொள்வதில்லை.

"காலால அடிக்காததுக்கு என்னத்துக்கு அந்தப் பேர்?" என்பான்.

"அஜான் லிப்ர்", அதாவது "ஃப்ரீ ஏஜென்ட்", என்ற சொல்லை முதலில் கேட்டபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மன்னாரில் புறப்பட்டு மூன்று நாடு சுற்றி வந்துசேர்ந்தவளுக்கு ஏஜென்ட் என்றால் காசை வாங்கிக்கொண்டு ஆளைக் கடத்திவிடுகிறவன்.

"சும்மா கூட்டிக்கொண்டு வாற ஏஜென்சியும் இருக்கே?" என்று மகள் ஜெயனியிடம் கேட்டாள்.

"ஐயோ அம்மா! ஒப்பந்தம் முடிஞ்ச பிளேயரைத்தான் அப்பிடிச் சொல்லுறது. அவர் எந்த டீமுக்கும் போகலாம். ஆர் கூடக் காசு குடுக்கினமோ அவையோட போவார்."

ஒரு பெப்ரவரியில் நகரத்து அணி அப்படி ஒருவரை வாங்கியது. பெயர் மார்கஸ் டெல்வின். ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவர், வயது முப்பத்தொன்று. வானொலியில் ரெஜான் என்ற அறிவிப்பாளர் கிண்ணமே கைக்கு வந்துவிட்டதுபோல் கூத்தாடினார். கேட்பவர்கள் கருத்துச் சொல்லலாம் என்றார். பஸ் கண்ணாடியில் பனி ஒட்டிக்கொண்டிருந்தது. வேறு வேலையும் இல்லை. அஞ்சலீனா அழைத்தாள்.

"எனக்கு ஒரு சந்தேகம்," என்றாள் உடைந்த பிரெஞ்சில். "இவரை நல்லாத் தெரிஞ்சது இவருடைய பழைய அணிக்குத்தானே? அவை ஏன் விட்டவை?"

"சம்பள உச்சவரம்பு இருக்கிறதே, மதாம். எல்லோரையும் வைத்துக்கொள்ள முடியாது."

"ஓம், ஆனால் வைச்சுக்கொள்ள விரும்பினவையை வைச்சிருக்கினமே!"

ரெஜான் சிரித்தார். அவள் விடவில்லை. தங்கள் வீட்டுக் கதையைச் சொன்னாள். பெருந்தொற்றுக் காலத்தில் டொலார்ட்டில் இப்போது அவர்கள் இருக்கும் வீட்டுக்குப் பலர் விலை கேட்டார்கள். ஒருவர் கேட்ட விலை மற்றவருக்குத் தெரியாது. வீடு தங்களுக்கே என்றதும் அவளும் மரியதாசனும் கேக் வாங்கி வெட்டினார்கள். கேக் முடியும் முன்னரே தரகர் வாய்தவறிச் சொல்லிவிட்டார், இவர்களுக்கு அடுத்தபடியாக விலை சொன்னவர் எவ்வளவோ கீழே நின்றாராம்.

"கனபேர் விலை கேட்டால், ஆர் கணக்குப் பிழைச்சுக் கூடச் சொன்னவையோ அவைக்குத்தான் சாமான் கிடைக்கும்," என்று முடித்தாள். "எங்கட அணி வெல்லேல்ல, ஏமாந்துபோச்சு. அதுவும் முப்பத்தொரு வயதுக் காலுக்கு!"

அன்று முதல் அவள் "டொலார்ட் அஞ்சலீனா" ஆகிவிட்டாள். ரெஜானே அவளைக் கேட்டு அழைப்பு எடுப்பார். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் கோவில் ஆட்கள், "அக்கா, மார்கஸ் எப்பிடி?" என்று பகிடி பண்ணுவார்கள்.

மார்கஸ் நன்றாகவே இருந்தார். அதுதான் சங்கடம். ஜூனில் ஆட்டங்கள் தொடங்கின. எவரும் எட்டமுடியாத பந்தையெல்லாம் எட்டிப் பிடித்தார். ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் ரெஜான், "மதாம், அந்தக் காலைப் பற்றி ஏதாவது?" என்று கேட்பார். "சீசன் முடியட்டும், பேந்து கதைப்பம்," என்று அஞ்சலீனா பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள்.

ஓகஸ்ட் கடைசியில் அவளுக்கே ஓர் அழைப்பு வந்தது. சாரதிகள் கிடைக்காமல் பஸ் கம்பனிகள் எல்லாம் திண்டாடிய நேரம். வேறொரு கம்பனிக்காரி பேசினாள். விபத்தே இல்லாத சாரதி என்று கேள்விப்பட்டாளாம். நல்ல சம்பளம், சேரும்போது கையில் ஒரு தொகை, ஹீட்டர் ஒழுங்காக வேலைசெய்யும் புதுப் பஸ்.

தொலைபேசியை வைத்தபிறகு அஞ்சலீனா குசினிக்குள் நின்றபடியே சிரித்தாள். விஷயத்தைக் கேட்ட மரியதாசன் கதிரையில் சாய்ந்தான்.

"அம்பத்து மூண்டு வயதுக் காலுக்கோ? நீர் சொல்லுற கணக்குப்படி அவை ஏமாந்துபோச்சினம்."

"எனக்குப் பந்து பிடிக்கிற வேலை இல்லை. பிறேக்கை மிதிச்சாச் சரி."

அவளுக்கு ஆசை இருந்தாலும் பழைய இடத்தைச் சட்டென்று விட மனம் வரவில்லை. பன்னிரண்டு வருடம் ஓட்டிய கம்பனி. முதலாளியிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் கணினியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ எங்கேயும் போகமாட்டாய், அஞ்சலீனா."

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. நிச்சயமாகத்தான் சொன்னார். அந்த நிச்சயம்தான் அவளைச் சுட்டது. நன்றாகத் தெரிந்தவர்களே ஆளை மதிக்கத் தவறுவதும் உண்டென்று வாகனத் தரிப்பிடத்தில் நின்றபோது அவளுக்கு உறைத்தது. அங்கிருந்தே புதுக் கம்பனிக்காரிக்கு, "வாறன்," என்று சொன்னாள்.

புது இடத்தில் முதல் சில கிழமைகள் இலேசாக இருக்கவில்லை. அவள் வாங்கிய தொகை எப்படியோ எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கும்போது இரண்டு பேராவது கோப்பியோடு நின்று பார்ப்பார்கள். பழைய கம்பனியில் நடைபாதைக் கல்லில் பஸ்ஸின் சில்லு ஏறினால் கல்லுக்குக் குற்றம். இங்கே அவளுக்குக் குற்றம். தாமதமாக ஓடிவந்த பிள்ளைக்காகக் கொஞ்சம் காத்து நின்றால்கூட மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த நாட்களில்தான் மார்கஸ் தொடையில் அடிபட்டு இரண்டு ஆட்டம் வெளியே இருந்தார். திரும்பி வந்தபோது பழைய வேகம் இல்லை. ரெஜான் உடனே அழைத்தார். "மதாம், ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்னதுதான் சரி."

அஞ்சலீனாவுக்கு அந்த வெற்றி இனிக்கவில்லை.

"அணி கூடக் குடுத்தது உண்மை. அதை நான் மாத்திச் சொல்லேல்ல. ஆனால் குடுத்தவையைத் திட்டுங்கோ, காசை வாங்கினவனைத் திட்டாதையுங்கோ. நீங்கள் வேண்டாமெண்டு சொல்லியிருப்பியளோ?"

"என்னிடம் யாரும் கேட்கவில்லையே, மதாம்."

"என்னட்டைக் கேட்டவை," என்று அவள் தன் கதையை முழுவதும் சொன்னாள். ரெஜான் சிரித்த சிரிப்பில் விளம்பரம் பிந்தியது. மூன்று டிக்கெட் அனுப்பினார்.

ஒக்டோபரில் ஒரு மதியம் குடும்பமாக மூவரும் மலைச்சரிவில் இருக்கும் மைதானத்துக்குப் போனார்கள். முதல் பாதியிலேயே மார்கஸின் கைக்கு வந்த பந்து நழுவி விழுந்தது. சுற்றியிருந்தவர்கள் ஊளையிட்டார்கள். அஞ்சலீனா எழுந்து நின்றாள்.

"ராசா, பறவாயில்லை! அடுத்ததைப் பிடியும்!"

ஜெயனி முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டாள். முன்வரிசைக் கிழவர் திரும்பிப் பார்த்தார். "டொலார்ட் அஞ்சலீனா?" என்று கேட்டு, தன் உருளைக்கிழங்குப் பொரியலை நீட்டினார்.

மார்கஸ் அடுத்ததையும் பிடிக்கவில்லை. மூன்றாவதைப் பிடித்தார். இரண்டு பேர் மேலே விழுந்தும் கோட்டைத் தாண்டும்வரை விடவில்லை. அணி கடைசியில் தோற்றது, ஆனால் அந்த ஒரு பிடிக்கு முழு மைதானமும் எழுந்தது. மரியதாசனும் எழுந்து விசிலடித்தான்.

மெட்ரோவில் ஏறியபோது அவன் மெல்லக் கேட்டான்.

"இஞ்சேரும், அந்தக் கோட்டைத் தாண்டினா எத்தினை புள்ளி?"

"ஆறு," என்றாள் அஞ்சலீனா. ஏன் ஆறு என்று அவன் கேட்டான். இறங்கவேண்டிய ஸ்டேஷன் தாண்டிப் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை.