காலி வீட்டு மணி

காலி வீடு என்று தெரிந்தும் மணியை அழுத்திவிட்டுத்தான் நிற்பார். சாவி கையிலேயே இருக்கும். வீடு பார்க்க வந்தவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். உள்ளிருந்து யாரும் வரப்போவதில்லை என்று உறுதியான பிறகு, "மணி நல்லா வேலை செய்யுது, பாத்தீங்கள்ல?" என்றபடி கதவைத் திறப்பார்.

வாடகை வீடு பிடித்துத் தரும் தரகர். வட்டாரத்தில் அவருக்குப் பெயர் 'காத்தோட்டம்'. எந்த வீட்டைக் காட்டினாலும் முதல் வார்த்தை அதுதான். ஜன்னலே இல்லாத அறைக்குக்கூட, "கதவைத் தொறந்து வெச்சா காத்து பிச்சுக்கிட்டுப் போகும்" என்பார். பொய் என்று சொல்ல முடியாது. கதவைத் திறந்துபோட்டுவிட்டு எப்படித் தூங்குவது என்பது குடிவருகிறவர் கவலை. கட்டில் எங்கே, பிள்ளை படிக்கிற மேஜை எங்கே, மாமியார் கோபித்துக்கொண்டால் உட்காரும் மூலை எங்கே என்று நிமிஷத்தில் ஒரு குடும்பத்தையே குடிவைத்துவிடுவார். அவர் இருப்பதோ மொட்டைமாடியில் ஒற்றை அறை. அதற்கு மணி கிடையாது. வைத்தால் அழுத்த ஆள் வேண்டுமே.

இப்பேர்ப்பட்டவர் ஒரு வீட்டைப் பற்றி மட்டும் குறையாகவே சொல்லிவந்தார். இரண்டாம் மாடியில் காலியாகக் கிடந்தது; சாவி இவரிடம். அதன் சமையலறையில் நின்றபடிதான் மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பார். ஜன்னலுக்கு எதிரே அடுத்த கட்டடத்துச் சமையலறை. அங்கே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மாள் ஒருநாள் நிமிர்ந்து பார்த்து, "என்னண்ணே, சாப்டாச்சா?" என்றாள். இவர்தான் புதிதாகக் குடிவந்தவர் என்று நினைத்துவிட்டாள். இவரும் திருத்தவில்லை. அன்றிலிருந்து தினமும் அதே கேள்வி. வேறு யாரும் அவரிடம் கேட்காத கேள்வி.

அதனால் வீடு பார்க்க வருகிறவர்களிடம், "தண்ணி சொட்டுச் சொட்டா வரும். மேல்வீட்டுல ராப்பகலா நாற்காலியை இழுப்பாங்க. காத்தோட்டமா? மூச்சு முட்டும்!" என்று சொல்லி விரட்டிக்கொண்டிருந்தார். சொந்தப் பிழைப்பில் மண்ணைப் போட்டுக்கொள்கிறோம் என்று தெரிந்தேதான்.

போன வாரம் ஒரு இளம் தம்பதி வந்தார்கள். குறைகள் அத்தனையும் கேட்டுவிட்டு அந்தப் பெண் புருஷனிடம் சொன்னாள்: "உள்ளதை உள்ளபடி சொல்ற புரோக்கரை இப்பத்தாங்க பாக்கறேன். இவரை நம்பிக் கண்ணை மூடிக்கிட்டு வரலாம்." அந்தக் குறைகளில் ஒன்றுகூட உண்மையில்லை என்பது வேறு விஷயம். வீட்டுக்காரரிடமும் அவளே போனில் பேசி முடித்துவிட்டாள். 

குடிவந்த அன்று சாவியைக் கொடுக்கப் போனார். சமையலறையில் குழாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தபோது எதிர் ஜன்னலில் குரல் கேட்டது.

"என்னண்ணே, வீட்டுக்கு விருந்தாளிங்களா?"

"இல்லம்மா. இனிமே இவங்கதான் இங்க."

"அப்ப நீங்க?"

"நான் சும்மா... காத்தோட்டமா இருக்குதுன்னு வந்து போயிட்டிருந்தேன்."

சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. இரண்டு படி இறங்கியவர் திரும்பி ஏறினார். மணியை அழுத்தினார்.

உள்ளே காலடிச் சத்தம். "யாரு? இதோ வரேன்!"

காத்தோட்டம் அவசரமாகத் தலைமுடியைக் கோதி, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.