மூன்று தரம் போட்ட திருவுளச்சீட்டு

எங்கள் அண்ணா ஆண்டவருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகின்றது. இந்த நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதும்படி அண்ணாவின் மனைவியான மச்சாள் கேட்டுக்கொண்டார். அப்படி எழுதினால், வேறு யாரோ இறந்துவிட்டதாக அண்ணாவை அறிந்தவர்கள் நினைப்பார்கள்.

யாழ்ப்பாணத்துக் கடலோரக் கிராமமொன்றில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணா. தந்தையார் மறைந்தபின் அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு உருத்திரபுரத்தை அடுத்த குடியேற்றத்துக்கு வந்தார். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே காடு வெட்டினார். அயல் வயலுக்குத் தண்ணீர் பாய்ந்த பின்பே தம் வயலுக்குத் திருப்புவார். ஆனால் தாம் நினைத்ததெல்லாம் ஆண்டவருடைய சித்தம் என்று சாதிப்பார். கிணறு வெட்டும் இடமும் சித்தம், விற்கும் மாடும் சித்தம்.

எனக்குப் பார்த்த மாப்பிள்ளையும் சித்தம்தான். அவர் மாங்குளத்தில் கடை வைத்திருந்தார். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் புதுக் கோயிலில் நடக்கும் முதற் கலியாணம் என்னுடையதாக இருக்கவேண்டும் என்று அண்ணா நேர்ந்துவிட்டார். ஓலைக் கோயில் மழையில் விழுந்து, புதுச் சுவர் யன்னல் மட்டத்துக்கு எழும்பியிருந்தது. அதற்குமேல் எழும்பவில்லை.

காரணம், கோயிலுக்கு எந்தப் புனிதரின் பெயர் என்ற சண்டை. எங்கள் கடலோர ஊரிலிருந்து வந்து குடியேறியவர்கள் அந்தோனியார் என்றார்கள். அம்மா லொறியில் மடியில் வைத்துக் கொண்டுவந்த அந்தோனியார் சுரூபம் எங்கள் அலுமாரியில் காத்திருந்தது. வேறு ஊரிலிருந்து வந்த மற்றப் பாதிப்பேர், மரியாம்பிள்ளையர் தலைமையில், யாகப்பர் என்றார்கள். அந்த அரைச் சுவருக்குள் நடந்த பூசையில் ஒரு பகுதி ஒரு பாட்டை எடுத்தால் மற்றப் பகுதி இன்னொன்றை உரத்து எடுக்கும். பிறகு பூசைக்கே ஆள் வரவில்லை. ஆடுகள் மட்டும் தவறாமல் வந்தன. என் தோழிகளின் பிள்ளைகள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சலித்துப்போன சுவாமியார் திருவுளச்சீட்டுப் போடச் சொன்னார். இரண்டு பெயரையும் எழுதி மடித்து, செபித்து ஒன்றை எடுப்பது. வருவதை ஆண்டவர் தீர்ப்பாக ஏற்பது. யாகப்பர் விழுந்தது.

"ஒரு சீட்டுப் பெரிசு. திரும்பப் போடுங்கோ" என்றார் அண்ணா.

மறுபடியும் யாகப்பர்.

"குலுக்கினது காணாது, சுவாமி."

மரியாம்பிள்ளையர் எழுந்து சால்வையை உதறினார். "போடுங்கோ, போடுங்கோ. இவருக்கு விழுமட்டும் போடுவம். ஆண்டவருக்கு வேற வேலை என்ன?"

மூன்றாந் தரம் அந்தோனியார் விழுந்தது. எங்கள் ஆட்கள் வெடி கொளுத்த ஓடினார்கள். அண்ணா மட்டும் எழும்பவில்லை. சீட்டை வாங்கிப் பார்த்து, மடித்துச் சுவாமியாரிடமே நீட்டினார்.

"இது அவர் தந்ததில்லை, சுவாமி. நான் பிடுங்கினது. யாகப்பரையே வையுங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும், "அப்ப நான் இவ்வளவு காலமும் ஆருக்காகக் காத்திருந்தனான்?" என்று கத்தினேன்.

"எனக்காகத்தான், தங்கச்சி" என்றார். "ஆண்டவருக்காக இல்லை."

அடுத்த மழைக்குமுன் கூரை ஏறியது. சுவருக்கு மண் சுமந்தவர்களில் அண்ணாவே முதல் ஆள். யாகப்பர் கோயிலில் எனக்குக் கலியாணம் நடந்தது. இரண்டு ஊராரும் ஒரே பாட்டைப் பாடினார்கள், சுருதி சேராவிட்டாலும். அந்தோனியார் அலுமாரியிலேயே இருந்தார்.

சென்ற ஆண்டு அண்ணா நெஞ்சு நோவால் திடீரென மறைந்தார். அடக்கத்தன்று காலை மரியாம்பிள்ளையர் வந்து, "பிள்ளை, அலுமாரியைத் திறவுங்கோ" என்றார். சுரூபத்தைத் தாமே சுமந்து பிரேதத்துக்கு முன்னே நடந்தார். பீடத்தில் யாகப்பருக்குப் பக்கத்தில் வைத்தார். இருவருக்கும் தாராளமாக இடமிருந்தது. கோயில் கட்டிய நாளிலும் அந்த இடம் இருந்ததே என்று நினைக்க அழுகையோடு ஆத்திரமும் வந்தது.

அண்ணாவை வைத்தியசாலைக்குக் கொண்டோடிய அயலவர்களுக்கும், எங்கள் வீட்டில் உலை வைக்கவிடாமல் உணவு தந்த இரண்டு ஊராருக்கும், சுவாமியாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மரியாம்பிள்ளையருக்கும் நன்றி. "சுரூபத்தை அவர் இருக்கேக்கையே பீடத்தில வைச்சிருக்கலாமே?" என்று அவரிடம் கேட்டேன்.

"ஒருக்காக் கேட்டிருந்தா வைச்சிருப்பம், பிள்ளை. அவர் கேக்கேல்லையே."

ஆண்டவரையே மூன்று தரம் கேட்ட மனிதர், இதை ஒரு தரமும் கேட்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.