லியாவ் அக்கா கலக்கிய மருந்து

எங்கள் மாடியில் குடியிருக்கும் லியாவ் அக்கா, நூல் ஆலை கேண்டீனில் சமைத்து ஓய்வு பெற்றவர். எதையும் தனியாகச் சாப்பிட அவருக்குத் தெரியாது. நடுவில் ஒரு கிண்ணத்தை வைத்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டால்தான் தொண்டையில் இறங்கும்.

எங்கள் இருவருக்கும் பல வருஷமாக முட்டிவலி. புதிதாகப் பிறந்த பேத்தியைத் தூக்கிக்கொண்டு படியேறும் ஆசையில், பெரியாஸ்பத்திரியின் மூலிகை மருந்து ஆராய்ச்சியில் அக்காவோடு நானும் சேர்ந்தேன். பாதிப் பேருக்கு நிஜ மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறம், அதே கசப்பில் போலி. யாருக்கு எது என்று சொல்ல மாட்டார்கள்.

அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் மருந்துப் பொடியையும் நக்கிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே கசப்புடா. உன்னோடது போலின்னா பாப்பாவை யாரு தூக்குறது? ஒண்ணாக் கலக்கிடுவோம். ஆளுக்குப் பாதியாவது கிடைக்கும்."

கலக்கிக் குடித்தோம். அடுத்த பரிசோதனையில் அக்காவே அதைப் பெருமையாகச் சொன்னார். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் யின், பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இனிமே உங்க ரெண்டு பேரையும் ஆராய்ச்சியில வச்சுக்க முடியாதும்மா."

"அது கிடக்கட்டும். நிஜ மருந்து யாரோடது?"

"எனக்கே தெரியாது. எல்லாம் முடிஞ்சாத்தான் தெரியும்."

"தெரியாமலேயா குடுக்குறீங்க?" அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அது என்ன கதைன்னு முழுசாச் சொல்லுங்க, கேட்டுட்டுப் போறேன்."

அன்று மாலை பேத்தியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். வலி குறைந்துதான் இருந்தது. மருந்தாலா, அவளாலா என்று எனக்கும் தெரிந்தாக வேண்டும்.