பாட்டிலில் விழுந்த தீர்த்தம்

தொண்ணூறுகளின் தொடக்கம். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகைக்குக் குடியிருந்தேன். அதே ஊரில் ஒரு ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. இலைச் சாற்றை ரத்தத்தின் வெள்ளை அணுக்களுக்குக் கொடுத்து, அவை புற்றுநோய் செல்களைக் கொல்கின்றனவா என்று பார்ப்போம். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. வெள்ளை அணுக்கள் தேமே என்று கிடக்கும்.

அந்த வருடம் சரஸ்வதி பூஜை வந்தது. எல்லாரும் படத்துக்கு முன்னால் புத்தகம், பேனா வைப்பார்கள். நான் புதிதாக வடித்த நிலவேம்புச் சாற்றை ஐஸ் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூடியிருந்தால் அருள் எப்படி உள்ளே போகும்? பாட்டிலைத் திறந்து, செம்பில் இரண்டு நாளாக இருந்த தீர்த்தத்தை மாவிலையால் தெளித்தேன், தாராளமாகவே. மறுநாள் ஆய்வகத்தில் திரும்ப வைத்துவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்தச் சாற்றைக் கொடுத்ததும் வெள்ளை அணுக்கள் பொங்கி எழுந்தன! தட்டிலிருந்த புற்றுநோய் செல்களில் பெரும்பகுதி காலி. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டு ஆன்டியிடம் போய்க் கொட்டிவிட்டேன். அவருக்கு மார்பில் கட்டி. அடுத்த வெள்ளிக்கிழமை ஆபரேஷன். கத்தி என்றாலே நடுங்குபவர், அன்றைக்கே நிலவேம்பை அரைத்துக் குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஆபரேஷனெல்லாம் வேணாம் லா. இதுவே போதும், நீதான் சொல்லிட்டியே" என்றார்.

நான் மறுக்கவில்லை. உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. நினைத்தால் இன்றும் வெட்கம்.

புதுச் சாற்றில் சோதனையைத் திரும்பச் செய்தோம். ஒன்றுமே நடக்கவில்லை. ஆய்வகத்தை நடத்திய எங்கள் டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. பழைய பாட்டிலை என்ன செய்தாய் என்று கேட்டார். பூஜைக் கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. செம்பில் மிச்சமிருந்த அந்தத் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லி, இலையே இல்லாமல் அணுக்களுக்குக் கொடுத்தார். புதன்கிழமை சாயங்காலம் பார்த்தால் அதே ஆட்டம்! தண்ணீரிலிருந்த கிருமிகளைக் கண்டுதான் அவை சீறியிருக்கின்றன. நிலவேம்புக்கு அதில் பங்கே இல்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடிந்தால் ஆன்டி ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாள். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினேன். கையில் நிலவேம்புச் சாற்று டம்ளரோடு ஆன்டி வாசலில் நின்றார். எல்லாவற்றையும் ஒப்பித்து அழுதுவிட்டேன்.

அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அடிப்பாவி! ஒரு வாரமா இந்தக் கசப்ப சும்மாவா குடிச்சேன்?"

"சும்மாதான் ஆன்டி."

சாற்றைச் சாக்கடையில் ஊற்றினார். "சரி, பேக்க எடு. ஆனா நீயும் வார்டுல வந்து உக்காரணும். தனியா பயமா இருக்கு லா."

லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கட்டியை நல்லபடியாக எடுத்தார்கள். சாப்பிடலாம் என்று நர்ஸ் சொன்னதும் ஆன்டி கேட்டது தே தாரிக், நுரைக்க ஆற்றிய பால் டீ, சீனி கூடுதலாக.

அப்புறம் ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "மூடி போட்டியாடி?" என்று குரல் வரும். இன்றும் ஆய்வகத்தில் நல்ல முடிவு வந்தால் முதலில் பாட்டிலின் மூடியைப் பார்க்கிறேன். பிறகு என் வாயையும் மூடிக்கொள்கிறேன், பக்கத்து வீட்டில் ஒருவர் என் பேச்சை நம்பித் தன் உயிரையே பணயம் வைத்தது மறக்கவில்லை.