வடித்துக் கொட்டிய சாறு

மொரியோக்கா நகரப் பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற குவாஹாரா தெய்சோ, தேநீருக்காக அன்றி வேறெதற்காகவும் அடுப்பைப் பற்றவைத்தவர் அல்லர். மனைவி கியோனோ உறைபனியில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டபோது, செண்டாய் நகரிலிருந்த மகள் சிஹோ தாயை அழைத்துப்போகத் துடித்தாள்.

"நான் எதுக்கு இருக்கேன்? சமைச்சுப் போடுறேன்" என்று தெய்சோ வீம்பு பிடித்தார்.

"சரிப்பா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வர்றேன். வாயில வைக்க முடியலன்னா அம்மா என்கூடத்தான்" என்று சிஹோ தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அந்த வாரம் முழுவதும் அவரை அலைக்கழித்தது அடுப்பன்று, சொற்கள். அனலில் வாட்டுவதையும் வதக்குவதையும் பொரிப்பதையும் எண்ணெயின் அளவைக்கொண்டு ஒருவாறு பிரித்துவிட்டார். தண்ணீரில் வேகவைப்பதைக் கியோனோ ஒரு நேரம் 'யுதேரு' என்றும் மறுநேரம் 'நிரு' என்றும் சொன்னதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. பிறந்தது முதல் காதில் விழுந்த சொற்கள், எழுதவும் தெரியும், செய்யத்தான் தெரியவில்லை.

"ரெண்டும் தண்ணி, ரெண்டும் நெருப்பு. அப்புறம் எதுக்கு ரெண்டு பேரு?" என்று அடுக்களையிலிருந்து கத்தினார்.

"யுதேருன்னா வெந்ததும் தண்ணிய வடிச்சிடணும். நிருன்னா அந்தச் சாறுதாங்க ருசியே, காய்க்குள்ள இறங்கணும்" என்றார் கூடத்தில் இருந்த கியோனோ. "எத்தனை தடவைங்க சொல்றது?"

"கத்தாம சொல்லேன்!"

"கத்துறது நீங்க."

ஞாயிறு காலை முள்ளங்கியை அரிசி கழுவிய கழனித் தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்து வடித்தார். கடற்பாசியும் சீவிய கருவாடும் போட்டு இறக்கிய சாற்றில் சோயா சாஸ் ஊற்றி, முள்ளங்கியை அதிலிட்டு மீண்டும் அடுப்பேற்றினார். சற்று நேரத்தில் குத்திப் பார்த்த குச்சி வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவர் முகம் மலர்ந்த அந்நேரம் வாசல்மணி ஒலித்தது. பதறிய கை, பழகிய ஒரே வேலையைச் செய்தது: பாத்திரத்தை அப்படியே சல்லடையில் கவிழ்த்தது. பழுப்புச் சாறு முழுவதும் தொட்டியில் ஓடி மறைந்தது.

"என்னப்பா, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி வெளுத்துக் கிடக்கு?" என்றாள் சிஹோ.

"வெந்திருக்கா இல்லையா?"

"வெந்திருக்கு. வெந்தது மட்டும்தான் இருக்கு."

கியோனோ இடக்கையில் கரண்டி பிடித்துத் தம் பங்கை மிச்சமின்றித் தின்றார். பிறகு, "நான் இவளோட போறேங்க. கட்டுப் பிரிச்சதும் வந்துடுறேன்" என்றார்.

"ஒரு முள்ளங்கிக்காகவா?"

"இது நல்லா இருந்திருந்தாலும் போயிருப்பேன். கை வலியக்கூடத் தாங்கிக்கலாம். உங்களுக்கு விளக்கம் சொல்லி மாளல."

மாலையில் தெய்சோ எஞ்சிய முள்ளங்கியைப் புதிதாக இறக்கிய சாற்றில் இட்டு அடுப்பில் ஏற்றிவிட்டு, செண்டாய்க்குத் தொலைபேசியில் பேசினார். "கேட்டுக்கோ. இந்தத் தடவை ஒரு சொட்டுத் தண்ணிகூட வடிக்கல. நிருன்னா என்னன்னு எனக்கும் தெரியும். நீ சொல்ற விதத்துலதான் கோளாறு."

"அடுப்பு இப்ப எரியுதா, அணைச்சிட்டீங்களா?" என்று கேட்டார் கியோனோ.

கருகல் வாடை அப்போதுதான் கூடத்துக்கு வந்து சேர்ந்தது.